சத்தம் எந்த வாசல் வழியாக வருகிறது?

வாசகர் கேள்விகள்: வண்டி வயரிங்

ராமநாதபுரம் கேணிக்கரையில் 31 வருடமாக ஆட்டோ எலக்ட்ரிக் பட்டறை நடத்துகிறேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ரேடியோ இரைச்சலைப் பற்றியவை. அதனால் ஹாரன், செல்ஃப் மோட்டார் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்துவிட்டு, இந்த முறை கரகரப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் டல்லாஸ் பக்கம் வேலை பார்க்கிறான். பழைய கார் ஒன்று வாங்கி, அதில் தனியாக ஒரு சேட்டிலைட் ரேடியோ பெட்டி வைத்திருக்கிறான். மாதச் சந்தா கட்டுகிறான். இரண்டு மாதமாக ஒரே இரைச்சல். நடுவில் சார்ஜர் ஒயர் அறுந்ததால் ஆன்லைனில் விலை குறைந்த வேறொன்று வாங்கி மாட்டினானாம். செட்டையே தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கப் போகிறேன் என்கிறான். அவன் போனில் பதிவு செய்து அனுப்பிய சத்தத்தை உங்களுக்கும் அனுப்பியிருக்கிறேன். அந்த நாட்டு ரேடியோவுக்கு இங்கிருந்து வழி சொல்ல முடியுமா?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ராமநாதபுரம்

பதில்: ஐயா, புதுசு வாங்க வேண்டாம் என்று இன்றைக்கே மகனிடம் சொல்லிவிடுங்கள். நீங்கள் அனுப்பிய பதிவு 40 நொடி. ஹெட்போன் மாட்டி ஏழெட்டு முறை கேட்டேன். அதில் இரண்டு சத்தம் இருக்கிறது. ஒன்று, தகரக் கொட்டகையில் மழை விழுவதுபோல ஒரு ‘ஷ்ஷ்’. அது சீராக இல்லாமல் ஏறி ஏறி இறங்குகிறது. இருபதாவது நொடி வாக்கில் அதன் நடுவே யாரோ ஒருவர் ஆங்கிலத்தில் விளம்பரம் பேசிவிட்டுப் போகிறார். இரண்டாவது, அதற்கு அடியில் கொசு ரீங்காரம்போல மெல்லிசாக ஒரு ‘ஙீ’. வண்டி நின்றிருந்தபோது அது அடங்கிக் கிடக்கிறது, ஆக்சிலேட்டரை மிதித்ததும் சுதி ஏறுகிறது. இரண்டுக்கும் நோய் வேறு, மருந்தும் வேறு. ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால் எங்கே கை வைப்பது என்றே தெரியாது.

மழைக்காலத்தில் நம் வீட்டு டிஷ் எப்படி நடந்துகொள்கிறது என்று நினைத்துப் பாருங்கள். படம் கட்டம் கட்டமாக உடையும், அப்புறம் அப்படியே நின்றுபோகும். அந்தக் காலத்தில் மொட்டைமாடி ஏரியலில் வந்த புள்ளி மழை இப்போது வருவதே இல்லை. காரணம், மேலிருந்து வருவது டிஜிட்டல். அமெரிக்காவில் 2320 முதல் 2345 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலையில் செயற்கைக்கோளிலிருந்து இறங்கும் ரேடியோவும் அப்படித்தான். கிடைத்தால் முழுசாகக் கிடைக்கும், கிடைக்காவிட்டால் பாட்டு நின்று, சிக்னல் இல்லை என்று திரையில் எழுத்து வரும். கரகரக்க அதற்குத் தெரியாது. ஆகவே மகன் கேட்கிற இரைச்சல் முழுவதும் பெட்டியை விட்டு வெளியே வந்த பிறகு, காருக்குள் சேர்ந்தது.

எப்படிச் சேர்கிறது? பழைய கார் என்கிறீர்கள். பெட்டி தன் பாட்டை ஒரு குட்டி எப்எம் நிலையம்போலச் சின்னதாக ஒலிபரப்பும். காரில் உள்ள ரேடியோவை அந்த எண்ணுக்குத் திருகி வைத்துக் கேட்க வேண்டும். அப்படித்தான் அவர் வைத்திருப்பார், அந்த விளம்பரக் குரலே சாட்சி. லைசென்ஸ் இல்லாத இப்படிப்பட்ட எப்எம் கருவி மூன்று மீட்டர் தூரத்தில் மீட்டருக்கு 250 மைக்ரோவோல்ட்டுக்கு மேல் பலம் காட்டக் கூடாது என்பது அங்கே சட்டம். ஒரு முணுமுணுப்பு அளவுதான் அது. டல்லாஸ் மாதிரிப் பெரிய ஊரில் அதே எண்ணில் அல்லது பக்கத்து எண்ணில் நிஜமான நிலையம் ஒன்று குறுக்கிட்டால் முணுமுணுப்பு எங்கே எடுபடும்? தெருவுக்குத் தெரு இரைச்சல் ஏறி இறங்குவது இதனால்தான்.

தற்காலிகமாக ஒரு வழி இருக்கிறது. ஊருக்குள் சுற்றி வரும்போது காலியாக இருக்கும் எண் ஒன்றைத் தேடி, பெட்டியையும் ரேடியோவையும் அதற்கு மாற்றலாம். அங்கே எப்எம் எண்கள் 88.1, 88.3 என்று ஒற்றைப்படையில்தான் முடியும் என்பதை நினைவில் வைக்கச் சொல்லுங்கள். ஆனால் நான் மகனுடைய இடத்தில் இருந்தால் எப்எம் வழியையே அடைத்துவிடுவேன். கார் செட்டில், வெளிக்கருவியின் பாட்டை ஒயர் வழியாக வாங்குகிற ஆக்ஸ் துளை இருந்தால் 3.5 மி.மீ. ஒயர் ஒன்று போதும். கேசட் போடுகிற காலத்து செட் என்றால் கேசட் வடிவ அடாப்டர் கிடைக்கும். இரண்டும் இல்லையென்றால், ஆன்டெனா ஒயருக்கும் செட்டுக்கும் நடுவில் மாட்டுகிற ஒயர் மாடுலேட்டர் இருக்கிறது. அது பாட்டைக் காற்றில் விடாமல் நேராக ஆன்டெனா துளைக்குள் ஊற்றும், வெளி நிலையத்தையும் அந்த நேரத்தில் துண்டித்துவிடும். இந்த மூன்றில் எதைச் செய்தாலும் முதல் சத்தம் போய்விடும்.

‘ஙீ’ சத்தம் டைனமோ. இன்ஜின் வேகத்தோடு சுதி ஏறினால் வேறு எதையும் சந்தேகப்பட வேண்டாம். டைனமோ உண்டாக்குகிற மின்சாரத்தில் எப்போதும் கொஞ்சம் அலை இருக்கும். நல்ல சார்ஜர் அதை வடிகட்டித்தான் பெட்டிக்குக் கொடுக்கும். விலை குறைந்த சார்ஜரில் அந்த வடிகட்டி பேருக்குத்தான் இருக்கும், போதாததற்கு அதுவே தன் பங்குக்கு இரைச்சலையும் சேர்க்கும். சார்ஜர் மாற்றியதையும் இரைச்சலையும் நீங்களே ஒரே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள், ஐயா. அந்தப் பெட்டிக்கென்று விற்கிற அசல் அடாப்டரை முதலில் வாங்கி மாட்டச் சொல்லுங்கள்.

ஆக்ஸ் ஒயர் போட்ட பிறகு ‘ஙீ’ கூடினாலும் அவர் பயப்பட வேண்டாம். எர்த் என்பது மின்சாரம் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்புகிற வழி. பெட்டி ஒரு பக்கம் சார்ஜர் செருகுகிற லைட்டர் பாயிண்ட் வழியாக எர்த் ஆகிறது, மறுபக்கம் ஆக்ஸ் ஒயர் வழியாகக் கார் செட்டின் எர்த்தைத் தொடுகிறது. இரண்டு எர்த்துக்கும் நடுவில் மயிரிழை வோல்ட் வித்தியாசம் இருந்தாலும் அது பாட்டோடு சேர்ந்து ஓடும். இதைக் கண்டுபிடிக்கச் செல்போனே போதும். சார்ஜில் போடாத போனை அதே ஆக்ஸ் ஒயரில் மாட்டி, இன்ஜினை ஓடவிட்டுப் பாட்டுக் கேட்கட்டும். சுத்தமாக இருக்கும். அப்படியே போனை லைட்டர் பாயிண்டில் சார்ஜுக்குப் போடட்டும். உடனே ‘ஙீ’ வந்தால் எர்த் சுற்றுதான். கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று தீப்பெட்டி அளவில் ஒரு சாமான் விற்கிறது, உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும், ஆக்ஸ் ஒயருக்கு நடுவில் மாட்டினால் சத்தம் நிற்கும். மட்டமானதை வாங்கினால் மிருதங்கத்தின் தொப்பிப் பக்க நாதம் கொஞ்சம் குறையும், அதனால் இதில் காசு பார்க்க வேண்டாம்.

சேட்டிலைட் பெட்டியின் கூரை ஆன்டெனாவையும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். அது காந்தத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். அடியில் இரும்புத் தகடு வேண்டும், மேலே வானம் தெரிய வேண்டும். ஒயர் கதவிடுக்கில் நசுங்கியிருந்தால் பாட்டு விட்டுவிட்டு வரும். அது இரைச்சலாகக் கேட்காது, மௌனமாகக் கேட்கும்.

கேள்வி: என் மச்சான் அமெரிக்காவிலிருந்து திரும்பி வரும்போது அவர் காரில் இருந்த சேட்டிலைட் ரேடியோவைக் கழற்றிக் கொண்டுவருகிறேன் என்கிறார். நம் ஊரில் எடுக்குமா?
– வாசகர், கீழக்கரை

பதில்: எடுக்காது பாய். அங்கே சிரியஸ், எக்ஸ்எம் என்று இரண்டு சேவைகள் இருந்து, 2008இல் ஒன்றாக இணைந்தன. எக்ஸ்எம் 2001இல் ஏவிய முதல் இரண்டு செயற்கைக்கோள்களுக்கு ‘ராக்’, ‘ரோல்’ என்றே பெயர். அவை நின்றது மேற்கு 115, மேற்கு 85 டிகிரியில். நாம் இருப்பது கிழக்கு 79. பூமி உருண்டையின் அந்தப் பக்கம் நிற்கிற செயற்கைக்கோளை இந்தப் பக்கத்திலிருந்து பார்க்க வழியே இல்லை.

நமக்கென்றும் ஒரு காலத்தில் ஒன்று இருந்தது. 2000ஆம் ஆண்டில் ஏவிய ஆசியாஸ்டார் செயற்கைக்கோளிலிருந்து வேர்ல்டுஸ்பேஸ் வந்தது. கர்நாடக இசைக்கு ‘ஸ்ருதி’, தமிழ்ப் பாட்டுக்கு ‘கே.எல். ரேடியோ’ என்று தனித்தனி அலைவரிசைகள். தட்டையான சின்ன ஆன்டெனாவைக் கிழக்கே பார்த்துச் சாய்த்து ஜன்னலில் வைப்போம். என் பட்டறையில் டேபிள் ஃபேனுக்குப் பக்கத்தில் ஒன்று இருந்தது. ராத்திரி வேலையில் அது பாடிக்கொண்டே இருக்கும், ஒரு சின்ன இரைச்சல்கூட இருக்காது. 2009 டிசம்பர் 31ஆம் தேதியோடு இந்தியாவில் அந்தச் சேவை நின்றது. அந்த ஜன்னல் திட்டை நான் இன்னும் வேறு எதற்கும் பயன்படுத்தவில்லை. மச்சானிடம் அந்த எடைக்குப் பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கிவரச் சொல்லுங்கள்.

கேள்வி: பாம்பனிலிருந்து மதுரைக்குக் குட்டியானையில் மீன் லோடு அடிக்கிறேன். தடைக்காலத்தில் வண்டியைக் கரையோரம் நிறுத்திவிட்டேன். ஜூனில் எடுத்ததிலிருந்து செட்டில் ஒரே கரகர. ஹெட்லைட் போட்டால் கூடுகிறது, பிரேக் மிதித்தால் ‘டப்’ என்கிறது. பென்டிரைவில் பாட்டுப் போட்டாலும் இதே கதைதான். ஆன்டெனாவை மாற்றிவிட்டேன், ஸ்பீக்கரையும் மாற்றிவிட்டேன். இனி செட்டையும் மாற்ற வேண்டுமா அண்ணே?
– டிரைவர், பாம்பன்

பதில்: தம்பி, ஆன்டெனா வாங்குவதற்கு முன்னால் எழுதியிருக்கக் கூடாதா! பென்டிரைவில் போட்டாலும் கரகரக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பென்டிரைவுக்கு ஆன்டெனாவோடு என்ன வேலை? அந்த ஒரு சோதனையிலேயே ஆன்டெனா வாசல் அடைபட்டுவிட்டது. லைட்டுக்கும் பிரேக்குக்கும் சத்தம் மாறுகிறது என்றால் மிச்சம் இருப்பது எர்த்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். படகுகள் மாதிரியே மீன் வண்டிகளும் கரையில் நிற்கும். ஓடுகிற வண்டிக்கு இன்ஜின் சூடு இருக்கிறது, அது ஈரத்தை விரட்டிவிடும். நிற்கிற வண்டிக்கு அது இல்லை. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை உறிஞ்சிக் கரைய ஆரம்பிக்கும். நம் கரையில் ராத்திரி முழுக்க அந்த ஈரம் இருக்கும். பகலில் காயும், ராத்திரி கரையும். கச்சான் காற்று அடிக்கிற நாளில் தென்கடல் திவலை நேராக வண்டிமேல் விழும். உங்கள் வண்டிக்கு இது போதாதென்று ஐஸ் பெட்டியிலிருந்து மீன் தண்ணீரும் ஒழுகுகிறது. புதுப் பாம்பன் ரயில் பாலம் 2025இல் திறந்ததே, அதில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் போட்டிருக்கிறார்கள் என்றால் இந்தக் காற்றுக்குப் பயந்துதான். 1914இல் கட்டிய பழைய பாலத்துக்கு இரும்பு சுரண்டுவதும் பெயின்ட் அடிப்பதும் ஓயாத வேலையாக இருந்ததை நீங்களே பார்த்து வளர்ந்திருப்பீர்கள். நம் வண்டியின் எர்த் கம்பிக்கு அப்படி யார் பூச்சு போட்டார்கள்?

போன வருடம் இதே குறையோடு ஒரு மீன் வண்டி என்னிடம் வந்தது. மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்தேன். ஒரு முனை பேட்டரி நெகட்டிவ் டெர்மினலில், இன்னொரு முனை செட்டின் இரும்பு உடம்பில். இன்ஜின் ஓடுகிறது, ஹெட்லைட் எரிகிறது. எர்த் நன்றாக இருந்தால் 0.1 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. அதில் 0.8 காட்டியது. பேட்டரி தட்டுக்குக் கீழே சேஸிஸில் முறுக்கியிருந்த எர்த் போல்ட்டைப் பத்தாம் நம்பர் ஸ்பேனரில் கழற்றினேன். ஒயர் முனையில் போல்ட்டுக்குள் மாட்டுகிற வளையமான லக், மேலே பார்க்க முழுசாகத்தான் இருந்தது. அடிப்பக்கம் மட்டும் வெள்ளையும் பச்சையுமாகக் களிம்பு, நகத்தால் சுரண்டினால் அப்பளம்போல உதிர்ந்தது. ஒயரின் கறுப்புத் தோலை லக்கிலிருந்து நான்கு விரல் நீளம் உரித்தேன். செம்பு சிவப்பாக இருக்க வேண்டும். அது அடுப்புக்கரிபோலக் கறுத்துப்போய், விரலில் வைத்துக் கசக்கியதும் தூளானது. இன்னும் நான்கு விரல் உரித்த பிறகுதான் சிவப்புக் கம்பி தெரிந்தது. அந்த இரண்டு சாண் ஒயரை மாற்றிய பிறகு மீட்டர் 0.03 காட்டியது. டிரைவர் ஹெட்லைட்டைப் போட்டுப் போட்டு அணைத்துப் பார்த்தார். பாட்டு மட்டும்தான் கேட்டது.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். சில செட்டுகள் திரும்ப ரகசிய எண் கேட்கும், அது கையில் இருக்கிறதா என்று முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரியிலிருந்து சேஸிஸுக்குப் போகிற எர்த், இன்ஜினிலிருந்து சேஸிஸுக்குப் போகிற பட்டை எர்த், டேஷ்போர்டுக்கு உள்ளே உள்ள எர்த், இந்த மூன்று இடத்தையும் திறந்து பாருங்கள். நல்ல தண்ணீர் ஊற்றி உப்பைக் கழுவி, நன்றாகக் காயவைத்து, சேஸிஸில் பெயின்ட் போய் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாள் போட்டுத் தேயுங்கள். புது ஒயர் வாங்கும்போது விசைப்படகு வயரிங்குக்குப் போடுகிற, வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியைக் கேட்டு வாங்குங்கள். விலை கூடத்தான், ஆனால் நம் காற்றுக்கு வேறு எதுவும் தாங்குவதை நான் பார்க்கவில்லை. லக்கை அழுத்திப் பிடித்து ஈயம் ஊற்றி, சூடு பட்டால் சுருங்குகிற ஸ்லீவ் போட்டு மூடிவிடுங்கள். போல்ட்டை இறுக்கிய பிறகு மேலே வாஸ்லின் தடவலாம். இறுக்குவதற்கு முன் நடுவில் அப்ப வேண்டாம்.

இன்னொன்று, இதை நான் பல பட்டறைகளில் பார்த்துவிட்டு வருத்தப்படுவேன். தண்ணீர் புகாமல் இருக்கட்டும் என்று கண்ணாடித் தொட்டிக்கு ஒட்டுகிற சிலிகான் பேஸ்ட்டை ஜாயிண்ட்மேல் பூசுவார்கள். வினிகர் வாடை அடிக்கிற சிலிகான் என்றால் அதிலிருந்து வருவது அசிட்டிக் அமிலம். அது செம்பை அரிக்கும். உப்பிலிருந்து காப்பாற்றுகிறோம் என்று அமிலத்தில் ஊறப்போடுகிற வேலை அது.

இதற்குப் பிறகும் இன்ஜின் வேகத்தோடு ‘ஙீ’ வந்தால் மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி பேட்டரியிலேயே வையுங்கள். அரை வோல்ட் காட்டினால் டைனமோவில் டயோடு போயிருக்கிறது. அதை உடனே பாருங்கள், இல்லாவிட்டால் நடுவழியில் பேட்டரி இறங்கி, ஐஸும் கரைந்து, லோடும் போய்விடும். பழைய ஸ்பீக்கரைத் தூக்கிப் போடவில்லை என்றால் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், அது நல்ல ஸ்பீக்கர்தான்.

கேள்வி: டூரிஸ்ட் கார் ஓட்டுகிறேன். போன் பாட்டை லைட்டர் பாயிண்டில் செருகுகிற ப்ளூடூத் எப்எம் கருவி வழியாகப் போடுகிறேன். ராமநாதபுரத்தில் தெளிவாக இருக்கிறது. பாம்பன் ரோட்டுப் பாலத்தில் ஏறியதும் இலங்கை ஸ்டேஷன் வந்து உட்கார்ந்துகொள்கிறது. தனுஷ்கோடியில் சுத்தமாக என் பாட்டே கேட்பதில்லை. சில நாள் வருகிறது, சில நாள் வருவதில்லை. அது ஏன்?
– டிரைவர், தங்கச்சிமடம்

பதில்: டல்லாஸ் தம்பிக்கு இருக்கிற அதே நோய்தான் உங்களுக்கும். அவருக்கு ஊர் நிலையம், உங்களுக்கு அக்கரை நிலையம். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கடல்தான். நடுவே மலையும் இல்லை, மாடியும் இல்லை. பெரிய கோபுரத்திலிருந்து வருகிற எப்எம் அலைக்கு அது ஒரு தூரமே கிடையாது.

சில நாள் மட்டும் ஏன் என்று கேட்டது நல்ல கேள்வி. காற்று சாதாரணமாக மேலே போகப் போகக் குளிரும். கோடைக்காலத்தில் சில மாலைகளில் கடலை ஒட்டிய காற்று குளிர்ந்து ஈரமாகவும், அதற்கு மேலே உள்ள காற்று சூடாகவும் காய்ந்தும் இருக்கும். அப்படி அமைந்தால் எப்எம் அலை மேலே தப்பிப் போகாமல், குழாய்க்குள் ஓடுகிற தண்ணீர்போல கடலை ஒட்டியே நெடுந்தூரம் ஓடிவரும். அந்த நாளில் எங்கோ இருக்கிற நிலையமெல்லாம் பக்கத்து வீட்டில் பாடுவதுபோலக் கேட்கும். காற்றடித்துக் கலைந்துவிட்டால் குழாயும் கலைந்துவிடும். கடல் கண்ணாடி மாதிரிக் கிடக்கிற சாயங்காலத்தில் கவனித்துப் பாருங்கள், அன்றைக்குத்தான் தொல்லை அதிகம்.

எண் மாற்றும்போது வண்டியை ராமநாதபுரத்தில் வைத்துத் தேடாதீர்கள். பாம்பன் பாலத்தைத் தாண்டி ஓரமாக நிறுத்தி, கருவியை அணைத்துவிட்டு, செட்டை மட்டும் 88இலிருந்து 108 வரை மெதுவாகத் திருகுங்கள். எந்த எண்ணில் வெறும் ‘ஷ்ஷ்’ மட்டும் கேட்கிறதோ, அதற்கு இரண்டு பக்கமும் காலியாக இருக்கிறதோ, அதைப் பிடியுங்கள். 90.4ஐத் தயவுசெய்து தொடாதீர்கள். அது பாம்பனில் 2016இலிருந்து பேசிக்கொண்டிருக்கிற ‘கடல் ஓசை’, மீனவர்களுக்கென்றே உள்ள சமுதாய வானொலி. உங்கள் கருவி சின்னதுதான், ஆனாலும் பக்கத்தில் நிற்கிற வண்டியில் ஒருவர் கடல் நிலவரம் கேட்டுக்கொண்டிருக்கலாம். அவர் மகன் கடலில் இருக்கலாம்.

நிரந்தரமாகத் தீர வேண்டும் என்றால் உங்களுக்கும் ஆக்ஸ் ஒயர்தான். இலங்கை வானொலி நன்றாகக் கிடைக்கிற நாளில் அதையே விட்டுப் பாருங்கள். வடநாட்டுப் பயணிகளுக்குப் புரியாவிட்டாலும், இன்னொரு நாட்டு ரேடியோ காரில் கேட்கிறது என்று சொன்னால் அவர்கள் முகம் மலர்வதை நானே பார்த்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் காரில் கம்பெனி செட்டை எடுத்துவிட்டு, பெரிய தொடுதிரை செட் மாட்டினோம். பழைய செட்டில் கோடை எப்எம் 100.5 அருமையாகக் கேட்கும். இப்போது வெறும் இரைச்சல். மாட்டிய கடையில் நம் ஊரில் சிக்னல் அவ்வளவுதான் என்கிறார்கள்.
– வாசகி, தேவிபட்டினம்

பதில்: தங்கச்சி, பழைய செட்டில் கேட்டது என்றால் சிக்னல் ஊருக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. இப்போதைய கார்களில் கூரை ஆன்டெனா குட்டையாக இருக்கும். அந்தக் குறையைச் சரிக்கட்ட அதன் அடியில் சிக்னலைப் பெருக்குகிற ஒரு சின்ன ஆம்ப் வைத்திருப்பார்கள். அதற்கு 12 வோல்ட் வேண்டும். கம்பெனி செட் அதை ஆன்டெனா ஒயர் வழியாகவே கொடுத்துவிடும், வெளிச்செட் பெரும்பாலும் கொடுக்காது. புதுச் செட்டின் பின்னால் நீல நிறத்தில் ஒரு ஒயர் சும்மா தொங்கும், அல்லது டேப் சுற்றிக் கட்டிப் போட்டிருப்பார்கள். ஆன்டெனா பவர் அடாப்டர் ஒன்றை வாங்கி, அதன் ஒயரோடு இந்த நீல ஒயரைச் சேர்க்க வேண்டும். அரை மணி நேர வேலை. கடைக்காரரிடம் “ஆன்டெனா ஆம்ப்புக்குப் பவர் கொடுத்தீர்களா?” என்று இந்த வார்த்தையிலேயே கேளுங்கள்.

கூடவே ஒரு சோதனை. டேஷ் கேமரா, போன் சார்ஜர், வெளியில் வாங்கி மாட்டிய எல்இடி பல்ப் எதுவானாலும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டு எப்எம் கேட்டுப் பாருங்கள். எதைப் பிடுங்கியதும் இரைச்சல் குறைகிறதோ அதையும் சேர்த்து மாற்றிவிடலாம்.

கேள்வி: எனக்கு வயது 71. பழைய அம்பாசிடரில் மத்திய அலை கேட்கிற பழக்கம். தூத்துக்குடி 1053ஐ அதிகாலையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போவேன். ஊர் எல்லையில் ஒரு குறிப்பிட்ட கரண்டு கம்பத்தைத் தாண்டும்போது மட்டும் எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிப்பதுபோலச் சத்தம். திரும்பி வரும்போது, பத்து மணிக்கு, அதே இடத்தில் சத்தம் இல்லை. வண்டியில் கோளாறா?
– வாசகர், தொண்டி

பதில்: வண்டியில் ஒரு குறையும் இல்லை, அய்யா. கம்பத்து மேலே உள்ள பீங்கான்களில் உப்புப் படிந்திருக்கிறது. விடியற்காலைப் பனியில் அந்த உப்பு நனைந்தால் மின்சாரம் பீங்கான்மேல் ஊர்ந்து பொறி பொறியாகத் தாண்டும். ஒவ்வொரு பொறியும் மத்திய அலையில் ஒரு ‘டப்’. வெயில் ஏறிப் பனி காய்ந்ததும் நின்றுவிடுகிறது, அதனால்தான் பத்து மணிக்குக் கேட்கவில்லை. எப்எம்மில் இது இவ்வளவு தெரியாது. மத்திய அலை கேட்பவருடைய காதுக்குத்தான் முதலில் தெரியும்.

இதை அப்படியே விடாதீர்கள், நாளடைவில் அந்தப் பீங்கான் வெடித்து லைன் அறுந்து விழக்கூடும். கம்பத்துக்குப் பக்கத்தில் போக வேண்டாம். கம்பத்தில் பெயின்டில் எண் எழுதியிருக்கும், வண்டியில் இருந்தபடியே அதைக் குறித்துக்கொண்டு, விடிகாலையில் சத்தம் வருகிறது, வெயில் வந்தால் நிற்கிறது என்பதையும் சேர்த்து மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். நேரத்தைச் சொன்னால்தான் லைன்மேன் சரியான பீங்கானைத் தேடிக் கண்டுபிடிப்பார், பகல் பன்னிரண்டு மணிக்கு வந்து பார்த்தால் அவருக்கும் ஒன்றும் கேட்காது.